அண்ணைக்குக் கேக்கிற மாதிரி ஒரு பேஸ் சோலோ

1. சத்தம் வரேல்லை

இசைக்குழுவிலை பேஸ் கிற்றார் வாசிக்கிறதுதான் என்ரை தொழில்; பாட்டுக்கு அடியிலை நிண்டு தாங்கிற கனத்த சத்தம் அது. முப்பது வருசத்துக்கு மேலை திருவிழா, கலியாணவீடு எண்டு யாழ்ப்பாணம் முழுக்க வாசிச்சுத் திரிஞ்சிருக்கிறன். அவ்வளவு காலத்திலையும் தனிய ஒரு சோலோ வாசிச்சதில்லை. பேஸ்காரனுக்கு என்னத்துக்குச் சோலோ? நாங்கள் வாசிக்கேக்கை ஒருத்தரும் கவனிக்க மாட்டினம். நிப்பாட்டினால்தான் ஏதோ குறையுதெண்டு சனத்துக்குத் தெரியும்.

சோலோ எல்லாம் என்ரை அண்ணை. அவர் லீட் கிற்றார். ரெண்டு பேரும் ஒரே குழுவிலைதான் தொடங்கினது. பிறகு அவர் கனடாவுக்குப் போயிட்டார், நான் அம்மா அப்பாவோடை இஞ்சை நிண்டிட்டன். போன வருசம் அவருக்குக் காதுக்குக் கீழை புற்றுநோய்க் கட்டி எண்டு கண்டுபிடிச்சாங்கள்.

சாவகச்சேரிப் பக்கம் நாங்கள் செய்த ஒரு கோயில் கச்சேரியை அவர் படுக்கையிலை கிடந்து போனிலை லைவாய்ப் பாத்திருக்கிறார். அடுத்தநாள் கோல் எடுத்தார்.

"டேய் தம்பி, உன்ரை விரல் ஓடுது, சத்தம் ஒண்டும் வரேல்லையடா. தண்ணி வராத பைப்பைத் திறந்துவிட்ட மாதிரிக் கிடக்கு."

போனின்ரை ஸ்பீக்கர் சின்னன், பேஸின்ரை அடிச்சத்தத்தை எடுக்காது. ஹெட்போனைப் போட்டுக் கேளுங்கோ எண்டன்.

"எங்கையடா போடுறது? ரேடியேசன் குடுத்து ரெண்டு பக்கமும் வெந்துபோய்க் கிடக்கு. துணி பட்டாலே உயிர் போகுது." "மயிலிட்டியிலை எங்கடை கோயில் பூங்காவனத் திருவிழாவுக்கு நீங்கள்தானே கச்சேரி? அதிலை ஒருக்கா உன்னைக் கேக்கவேணும்."

சண்டையிலை ஊரைவிட்டு இடம்பெயர்ந்த பிறகு அண்ணை அந்தக் கோயிலைக் கண்ணாலை காணேல்லை. அதோடை, அண்ணையின்ரை மகள், என்ரை பெறாமகள், போனை வாங்கிக்கொண்டு அங்காலை போய்க் குசுகுசுத்தாள்.

"சித்தப்பா, இனி மருந்தில்லை எண்டு டொக்டர் கையை விரிச்சிட்டார். திருவிழா மட்டும் இருந்தாரெண்டால் பெரிய காரியம்."

ஓம் எண்டு மட்டும் சொன்னன்.

2. ஒழுங்கை முடக்கு

எந்தச் சத்தம் போனுக்குள்ளாலை போகும் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை. என்ரை போனை அம்ப்புக்கு முன்னாலை வைச்சு மனிசி தவத்தின்ரை போனுக்குக் கோல் எடுத்தன். வீட்டுக்குள்ளை நிண்டால் நேரையே கேட்டிடும் எண்டு அவளை வெளியாலை, தெரு திரும்புற ஒழுங்கை முடக்கிலை போய் நிக்கச் சொன்னன். பாவம், வெய்யிலுக்கை குடையும் போனுமாய் நிண்டாள்.

"இஞ்சருங்கோ, இப்ப இல்லை... இப்பவும் இல்லை... ஆ, இப்ப கேக்குது! நுளம்பு கத்திற மாதிரி. இனி வரட்டே? போறவாற சனமெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குதுகள்."

ஆக மெல்லிய கம்பி ஜி. அதிலையும் கிற்றார்க் கழுத்திலை பன்னிரண்டாம் பிரெட்டுக்கு, அந்த உலோகக் கட்டைக்கு, மேலை போனால்தான் போன் எடுக்குது. பேஸ்காரர் கால் வைக்காத இடம் அது. கழுத்தோடை நெருங்கக் கம்பியைப் பதிச்சு வைச்சு, விரல் நுனி பொங்கப் பொங்கப் பழகினன்.

முதலிலை அண்ணையின்ரை பழைய லீட் ஓட்டங்களை அப்பிடியே பேஸிலை ஓட்டிப் பாத்தன். ஒரே குழைசோறு. பேஸின்ரை தடிச்ச கம்பியிலை ஒரு நோட் அடங்க முதல் மற்றதைப் போட்டால் ரெண்டும் கெட்டுப்போகும். பிறகு கிற்றாரைக் கீழை வைச்சிட்டு வாயாலை பாடிப் பாத்தன். பாட முடிஞ்சதை மட்டும் வாசிச்சன். மூச்செடுக்கிற இடத்திலை கையையும் எடுத்தன். அதுக்குப் பிறகுதான் அது பாட்டு மாதிரி வந்துது. பழகிற பிள்ளையள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கோ.

3. கச்சான்

எங்கடை குழுத் தலைவர் குணம். கீபோட்டும் அவர்தான். அவரிட்டைப் போய்க் கேட்டன்.

"பேஸ் சோலோவோ? உமக்கென்ன விசரோ ஐசே? சனம் எழும்பிக் கச்சான்கடலை வாங்கப் போயிடும்!"

விசயத்தைச் சொன்னன். அவரும் அண்ணையோடை வாசிச்ச மனிசன். முகம் மாறிப்போச்சு.

"முதலே சொல்லுறதுக்கென்ன? அறிமுகத்திலை வாசியும்."

கச்சேரி நடுவிலை அறிவிப்பாளர் வாத்தியக்காரரை ஒவ்வொருத்தராய் அறிமுகப்படுத்துவார். பேர் சொன்ன ஆள் கொஞ்சம் வாசிக்க, மற்ற எல்லாரும் கையை எடுத்திடுவினம், ட்ரம்ஸ் மட்டும் மெல்லமாய்ப் போகும். அதுதான் வழக்கம்.

4. பூங்காவனம்

பின்னேரப் பூசை முடிஞ்ச கையோடை மேடையிலை ஏறினம். கனடாவிலை அப்ப காலமை. "அப்பா முழிச்சிருக்கிறார்" எண்டு பெறாமகள் மெசேச் போட்டிருந்தாள்.

என்ரை பேரைச் சொல்லிச்சினம். குணம் கையை எடுத்தார். நான் பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேலை ஏறினன். ஏறின கையோடையே எனக்கு விளங்கிப்போச்சு: அடிச்சத்தம் இல்லை. நான்தானே அது! ட்ரம்ஸ் தனிச்சுப்போச்சு, நான் வாசிக்கிறது அந்தரத்திலை தொங்குது. முன்வரிசையிலை சனம் கதைக்கத் தொடங்கிச்சு. ஒராள் உண்மையாயே கச்சானுக்கு எழும்பிப் போனார். மேடைக்கு முன்னாலை லைவ் எடுத்துக்கொண்டிருந்த போனை மட்டும் பாத்துக்கொண்டு நான் வாசிச்சு முடிச்சன்.

கச்சேரி முடிஞ்சு மேடைக்குப் பின்னாலை நிண்டு கோல் எடுத்தன்.

"கேட்டது சித்தப்பா! முழுக்கக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு விரலாலை கட்டிலிலை தட்டினவர்."

"ஏதும் சொன்னவரோ?"

"ஓம். 'தம்பி மேலை வந்திட்டான். அப்ப கீழை ஆர் நிக்கிறது?' எண்டு கேட்டவர்."

சாகக் கிடக்கேக்கையும் அந்த மனிசனுக்கு அதுதான் கவலை. போனைக் குடு, நான் கதைக்கிறன் எண்டன். அதுக்கிடையிலை நித்திரையாய்ப் போயிட்டாராம். அம்ப் பெட்டியிலை இருந்து குழறி அழுதன். குணம் வந்து என்ரை கிற்றாரை எடுத்து உறைக்குள்ளை வைச்சார்.

அந்தக் கிழமையே அண்ணை மோசம்போயிட்டார். எனக்கு விசா கிடைக்கேல்லை, செத்தவீட்டை லைவிலைதான் பாத்தன். பிறகு பெறாமகள் சாம்பலைக் கொண்டுவந்தாள், கீரிமலைக் கடலிலை கரைச்சம்.

5. படிச்சது

பேஸிலை சோலோ வாசிக்க ஆசைப்படுற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். மேலை ஏறமுதல் கீபோட்காரரிட்டைச் சொல்லி, இடக்கையாலை கீழ் நோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கோ. நீங்கள் விட்டிட்டு வாற இடத்திலை ஆராவது நிக்கவேணும்.

இப்ப அறிமுகத்திலை என்ரை பேர் வந்தால் குணம் கையை எடுக்கிறதில்லை. அவர் கீழை பிடிக்க, நான் ஆறுதலாய் மேலை வாசிக்கிறன். வடிவாய் வருகுது. சனமும் எழும்பிப் போறதில்லை, கைதட்டுதுகள்.

இந்தச் சோலோவைத்தான் அண்ணை கேட்டிருக்கவேணும்.