அங்கம்மா பேர் போட்ட படங்கள்

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஒரு படம் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் திங்கட்கிழமை வரை பொறுத்தால் போதும். ஞாயிறு மத்தியானம் இராசையாவின் ஒற்றையறைக் காம்பராவில் ஓடிய படத்தை, மறுநாள் கொழுந்து மலையில் அங்கம்மா நார் நாராகக் கிழித்துவிடுவாள். எதிர் நிரையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற தொண்டை அவளுக்கு. கங்காணிகூடச் சில நேரம் அதட்டுவதை மறந்து கேட்டுக்கொண்டு நிற்பார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குக் கரண்ட் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பக்கத்துக் காம்பரா இராசையாவின் மகன் கொழும்பில் கடையில் நின்று உழைத்து, ஒரு டி.வி.யும் டெக்கும் வாங்கிக் கொடுத்திருந்தான். பதுளை பஜாரில் இப்றாஹீமின் வீடியோ கடையிலிருந்து வாரம் ஒரு கசெட் வரும். லயமே பாயை விரித்துக்கொண்டு உட்காரும். அங்கம்மாவும் முன்வரிசையில் உட்காருவாள், முகத்தைச் சுளித்தபடி.

"கதாநாயகி கொழுந்து பறிக்கிறாளாம். ஒத்தக் கையால பறிக்கிறா! பறிக்கிறது பூரா முத்தல். அதையும் கூடையில போடாம அந்தப் பய மூஞ்சியில வீசுறா. அவன் செருப்புக் காலோட தேயில வாது மேல ஏறி நின்னு ஆடுறான். தூ! இவுகளுக்கெல்லாம் அரைப்பேர் கூடப் போடக் கூடாது."

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்தால் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடுவார். குறைந்தால் அரைப்பேர். மழையோ அட்டைக்கடியோ காய்ச்சலோ, அவருக்குத் தராசு முள் ஒன்றுதான் கணக்கு. பதினாலு வயதிலிருந்து அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்தே நின்றவள் அங்கம்மா. டி.வி.க்கு முன்னால் உட்காரும்போது மட்டும் தராசு அவள் கைக்கு வந்துவிடும். அந்த ஒரு இடத்தில் அவள்தான் கணக்கப்பிள்ளை. ஈவிரக்கம் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம் வந்தது படத்தில் வரும் அம்மாக்கள் மேல்தான். வந்ததும் இருமுவார்கள். இருமினால் சாவார்கள். மகன் கொள்ளி வைத்த சூடு ஆறுமுன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ பனிமலையில் ஆடுவான்.

"ஆத்தாவக் கொல்லாம ஒருத்தனுக்கும் கத நகராது போல. உசுரோட இருக்கிற ஆத்தா இவுகளுக்கு எடஞ்சல்" என்பாள் அங்கம்மா.

அவள் முழுப்பேர் போட்டதே இல்லையா என்றால், போட்டிருக்கிறாள். ஆனால் அது படத்துக்கு இல்லை, படம் முடிந்தபின் வரும் மிச்சத்துக்கு. இப்றாஹீம் கலியாண வீடு, சடங்கு வீடுகளுக்கு வீடியோ பிடிக்கிறவனும்கூட. கலியாணம் பிடித்துக் கையில் மிஞ்சின கசெட்டுகளின் மேலேயே சினிமாவைப் பதிந்து வாடகைக்கு விட்டுவிடுவான். படம் 'வணக்கம்' போட்டதும் திரையில் புள்ளிப் புள்ளியாக மழை பெய்யும். பிறகு யாரோ முன்பின் தெரியாதவர்களின் கலியாணப் பந்தி நடுவிலிருந்து ஆரம்பிக்கும். எல்லாரும் அடுப்பைப் பார்க்க எழுந்து போவார்கள். அங்கம்மா அசைய மாட்டாள்.

"இருங்கண்ணே, நாடா முடியட்டும்" என்று இராசையாவின் கையைத் தடுப்பாள். "இதுதான் படம். சாப்பிடுறாக, சிரிக்கிறாக, புள்ளைக்குத் திருநீறு பூசுறாக. ஒருத்தர் ஆத்தாவும் சாகல. முழுப்பேர் போடுங்க."

மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் அப்படி லயித்துப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே மகளின் கலியாணத்தை அவள் பார்க்கவில்லை.

புருஷன் மரம் விழுந்து செத்தபோது மகள் யோகமலருக்கு நாலு வயது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போய், பதுளையில் படிக்க வைத்து, தன் கைப்பட்ட கூடையை அவள் தோளில் ஒரு நாள்கூட ஏற்றாமல் வளர்த்தாள். யோகமலர் படித்து முடித்து, டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு டீச்சர் வீட்டில் தங்கிக்கொண்டாள். போன தை மாதம் வந்து, சாமான் கடைக்காரர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"அவுங்க வீட்டுல பெரிய சாவு ஒன்னு விழுந்திருச்சும்மா. வருசம் திரும்புற வரைக்கும் விசேசம் ஒன்னும் கூடாதாம். பதிவுக் கந்தோர்ல கையெழுத்து மட்டும் வைக்கிறோம். தீவாளிக்கு அவரக் கூட்டிக்கிட்டு வாறேன்."

சாவு வீட்டில் தாலி ஏறுவதில்லை என்பது அங்கம்மாவுக்குத் தெரியாததா? சரி என்று சொல்லிவிட்டாள். காம்பராவுக்கு அப்போதே சுண்ணாம்பு அடித்தாள். மருமகன் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, சுற்றியிருந்த பொலித்தீனைக்கூடக் கிழிக்காமல் மூலையில் வைத்தாள். பிள்ளைகள் யாராவது அதில் உட்காரப் போனால், "ஏய், அது மாப்பிள்ள நாக்காலி!" என்று கத்துவாள். தீபாவளிக்கு மகள் அந்த வாசலில் மாலையும் கழுத்துமாக வந்து நிற்க வேண்டும், லயம் முழுக்க அதைப் பார்க்க வேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு. அன்றைய படமும் வழக்கம்போலத்தான். அம்மா இருமினாள். அம்மா செத்தாள். "அரைப்பேர்!" என்றாள் அங்கம்மா. படம் முடிந்தது. நாலைந்து பேர் எழுந்துபோனார்கள். திரையில் மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு கலியாண மண்டபம் வந்தது. வாழைமரம், பட்டுச்சேலைகள், கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டே சாப்பிடுகிற ஒரு தடித்த மனிதர்.

"நல்ல வசதியான எடம்" என்றாள் அங்கம்மா, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

பொண்ணு மாப்பிள்ளையைக் காட்டினார்கள். நகையும் மாலையுமாக, நெற்றிச்சுட்டி போட்டு, யோகமலர்.

அங்கம்மா நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். முகம் மலர்ந்தது. "என் புள்ள! அண்ணே, என் புள்ளண்ணே! பாத்தீகளா, கையெழுத்துன்னு சொல்லிட்டு…" என்று தொடங்கியவளுக்கு, தான் என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நிறுத்திக்கொண்டாள்.

திரையில் யாரோ பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு மேசைக்கு அழைத்துப் போனார்கள். மேசையில் குத்துவிளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் சட்டம் போட்ட ஒரு கலர்ப் போட்டோ. போட்டோவுக்குச் சந்தனப்பொட்டு, மல்லிகை மாலை. இரண்டு பேரும் அதன்முன் விழுந்து கும்பிட்டார்கள்.

"அய்யோ, அது என் அரக்குச் சீலை!" என்று கத்திவிட்டாள் இராசையாவின் பெண்சாதி தனலெட்சுமி. கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

அவள் சேலைதான். இரண்டு வருடத்துக்கு முன் மகள் பதுளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனபோது அங்கம்மா இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனது. 'தங்குற ரூம்ல மாட்டி வச்சு தெனமும் பாப்பேம்மா' என்று மகள் சொல்லியிருந்தாள். அதை நம்பி, அந்தக் கமரா முன்னால் அங்கம்மா வாழ்நாளில் இல்லாத சிரிப்புச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்புத்தான் இப்போது மாலைக்கு நடுவில் தெரிந்தது.

ஒரு கிழவியின் குரல் கேட்டது. முகத்தைக் காட்டவில்லை. "பாவம் பொண்ணு. தாய் இருந்து இதப் பாக்கக் குடுத்து வைக்கலையே." மகள் தங்கியிருந்த வீட்டு டீச்சர் அம்மா பொண்ணின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யோகமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இராசையா டெக்கை நிறுத்தக் குனிந்தார்.

"நிப்பாட்டாதீங்க" என்றாள் அங்கம்மா. "முழுசாப் பாத்தாத்தான் பேர் போட முடியும்."

அங்கம்மாவுக்குச் செத்த எலியை மிதித்ததுபோல் காலிலிருந்து ஓர் அருவருப்பு மேலே ஏறியது. மகள் மேல் மட்டும் இல்லை. சிரித்துக்கொண்டிருக்கிற அந்தப் போட்டோ மேலும், வெட்கமில்லாமல் வாங்கி வைத்த நாற்காலி மேலும், 'ஒருத்தர் ஆத்தாவும் சாகல' என்று வாரந்தோறும் தீர்ப்புச் சொன்ன தன் வாய் மேலும். அவள் அழவில்லை. திரையில் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"நல்லா நடிக்கிறா" என்றாள் கடைசியில். "இத்தன படம் பாத்துட்டேன், இந்த மாதிரி ஒருத்தி நடிச்சு நான் பாத்ததில்ல."

நாடா முடிந்து தானாக நின்றது.

தனலெட்சுமி மெதுவாக அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, பெரிய எடம். பயந்து சொல்லியிருக்கும் புள்ள. வெவரம் தெரியாம…"

"வெவரம் தெரியாமலா? மாலை வாங்கிக் கட்டத் தெரிஞ்சிருக்குல்ல."

"நாடாவ உருவி அடுப்புல போட்டுறவா அங்கம்மா?" என்று கேட்டார் இராசையா.

"எதுக்குண்ணே? கடைக்காரன் உங்ககிட்ட கேப்பான். குடுத்துருங்க. அது மேல இன்னொரு படத்தப் போட்டுக்குவான்."

எழுந்து தன் காம்பராவுக்குப் போனாள். மூலையில் நின்ற நாற்காலியின் பொலித்தீனைப் பறக்கப் பறக்கக் கிழித்து எறிந்தாள். அதை வாசலில் இழுத்துப்போட்டு, லயத்துக்காரர்கள் போகிற வருகிற வழியைப் பார்த்தபடி அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பொழுது சாய்ந்து பனி இறங்குகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு அவள் வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தண்ணீர்ப் பைப்படியில் விஷயம் அதற்குள் பரவியிருந்தது. அவள் வந்தாள். இடுப்பில் படங்குச்சாக்கு, தலையில் கூடைக்கயிறு, எல்லாம் வழக்கம்போல. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நேற்றைய படம் எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அடுத்து அவள் பேர். அவர் காதுக்கும் அது எட்டியிருந்தது.

"அங்கம்மா" என்றார், வழக்கத்தைவிடத் தணிந்த குரலில்.

"ஏன் மெதுவாக் கூப்பிடுறீங்க? செத்த வீடா இது?" என்றாள் அவள். களம் முழுக்கக் கேட்டது. "உசுரோடதான் இருக்கேன். பேரப் போடுங்க."

கூடையைச் சரித்து முதுகில் போட்டுக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் மலைக்கு ஏறத் தொடங்கினாள்.