குளிர் தாங்கத் தெரிந்த இருவர்

மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து கடல் வேலைக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் அந்தோனி. மற்றவன் யாகோப்பு, அந்தோனியின் மனைவி றோசாலிக்கு ஒரே தம்பி. இருவரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்கள். பெற்றவர்கள் கடல் தாண்டி வந்த கதையைக் கேட்டிருந்தார்களே தவிர, கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்த பெரிய தண்ணீர் பதுளைக்குப் பக்கத்திலுள்ள அருவிதான்.

அது 1921. தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் கொழுந்தெடுப்பைக் குறைத்திருந்த காலம். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் போய் வரிசையாக நின்றால் கங்காணி பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பி வருகிறவர்களில் அந்தோனியும் யாகோப்பும் அடிக்கடி இருந்தார்கள். அப்போதுதான் பசறையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த இப்றாஹீம் நானா ஒரு சேதி சொன்னார். அவருடைய மச்சினர் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர்.

"நீராவிக் கப்பல் தம்பி. ஆழ்கடலுக்குப் போய் வலைய இழுக்கிறது. மீனைப் போட்டு வைக்க ஐஸ் அறை ஒண்டு ஈக்கிது. கொழும்பு ஆக்கள் அதுக்குள்ள நிக்கிறாங்க இல்ல, வெறச்சுப் போறாங்க. மலைநாட்டு ஆளுக்குக் குளிர் தாங்கத் தெரியும்தானே, ரெண்டு பேர அனுப்புங்க எண்டு செல்லியீக்காங்க."

"மீனு கடிக்குமா நானா?" என்றான் யாகோப்பு.

"செத்த மீன் என்னத்தக் கடிக்கப் போகுது? ஒங்கட வாய்க்குப் பயந்து அதுதான் ஓடும்."

யாகோப்புக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு, சிரிப்பு, பசி எல்லாமே அவனுக்குக் கொஞ்சம் அதிகம். தாய் அம்மை கண்டு போனபோது அவன் கைக்குழந்தை. றோசாலிதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். அவன் கப்பலுக்குப் போகிறேன் என்றதும் அவள் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"சோத்துக்காகக் கடலுக்குப் போவியாடா நீ?"

"மூணு வேளையும் சோறாம்க்கா. மீனு வேற. திரும்பி வாரப்போ நீயே என்னைய அடையாளம் தெரியாம உள்ள விடமாட்ட."

அவள் சிரிக்கவில்லை. தம்பியை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "இந்தாங்க, நல்லாக் கேட்டுக்கங்க. இவன எங்கம்மா என் மடியில போட்டுட்டுப் போனாங்க. கூட்டிக்கிட்டுப் போறவரு நீங்க. நீங்களே திருப்பிக் கூட்டிக்கிட்டு வாங்க. வேற ஒண்ணும் எனக்குக் கொண்டாற வேணாம்."

"கூட்டிக்கிட்டு வாரேன்," என்றான் அந்தோனி. அதிகம் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

பதுளைக்கு ரயில் வராத காலம். பசறை, பதுளை, ஹாலிஎல என்று நடந்து, பண்டாரவளையில் ரயிலேறிக் கொழும்பில் இறங்கினார்கள். கப்பலைப் பார்த்ததும் யாகோப்பு, "நம்ம ஸ்டோரு புகைக்கூண்டத் தூக்கித் தண்ணியில வெச்சிருக்கான் மச்சான்," என்றான். உண்மையில் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரைவிட அந்தக் கப்பல் சின்னது. இரும்பு உடம்பு, நடுவில் கரி படிந்த புகைக்கூண்டு, பின்பக்கம் வலையை இழுக்கிற நீராவிச் சுருளி. அது கன்னியாகுமரிக்குத் தெற்கே போய், கடலுக்கடியில் வலையை இழுத்துக்கொண்டே ஊரும். வலை நிறைந்ததும் சுருளி அலறும். மீன் மேல்தட்டில் கொட்டப்படும். நீர்கொழும்பு ஆட்கள் வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கீழே தள்ளுவார்கள். கீழே ஐஸ் அறை. அங்கே அந்தோனியும் யாகோப்பும்.

மலைக் குளிர் வேறு, அந்தக் குளிர் வேறு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மார்கழியில் தோட்டத்தில் பனி கொட்டினாலும் வெயில் ஏறினால் தீர்ந்துபோகும். இங்கே வெயில் ஏறவே இல்லை. மரச்சுத்தியலால் கட்டிகளை உடைத்து, ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கவேண்டும். சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். விரல் இடுக்குகள் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டதும் எரிந்தன. மேலே வந்தால் கொதிக்கிற வெயில், அல்லது மழை. வலை எப்போது வருகிறதோ அப்போதெல்லாம் பெரட்டு. படுக்கச் சொல்லிக் கொம்பு ஊத யாரும் இல்லை.

கப்பலில் இருந்தவர்கள் அவர்களை 'கொழுந்து' என்று கூப்பிட்டார்கள்.

"ஏய் கொழுந்து! இந்தா சுறா வருது, ரெண்டு இலை ஒரு மொட்டாப் பாத்துக் கிள்ளு!"

"கிள்ளிருவேன். கூடைய நீ வந்து தூக்கு," என்று கீழேயிருந்து கத்துவான் யாகோப்பு. மேலே சிரிப்புக் கேட்கும். முதல் நடையில் அந்தோனி வாந்தி எடுத்துக் கிடந்தபோது அவன் பங்கு ஐஸையும் சேர்த்து உடைத்தவன் யாகோப்புதான். வேலைக்காரர்களை மேய்த்த சாரங்கு அஸீஸுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. தன் தட்டிலிருந்து மீன் தலையை எடுத்து அவன் சோற்றில் வைப்பார்.

தூங்குகிற இடம் கப்பலின் மூக்குப் பகுதியில், மேல்தட்டுக்குக் கீழே இருந்தது. ஒடுங்கிப்போகிற இரும்புச் சுவரில் பலகைகள் அடித்திருந்தார்கள். ஓர் ஏணி, அதற்கு மேலே இரும்பு மூடி. காற்று வர ஒரு குழாய். கரி நாற்றம், ஈரத்துணி, மீன். அதையும் காம்பரா என்றே யாகோப்பு சொன்னான். லயத்து வீட்டுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர்.

மூன்றாவது நடையில் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. அதே நேரத்தில் யாகோப்புக்குக் காய்ச்சலும் வந்தது. கொழும்பில் கொசு கடித்த காய்ச்சல் என்றார் அஸீஸ். கப்பல் துரை கொயினா மருந்து கொடுத்தார். அது கசந்ததே தவிரக் கேட்கவில்லை. குளிர் எடுத்தால் பலகை தடதடக்கும் அளவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அந்தோனி தன் கம்பளியைப் போட்டான். அடுத்தவன் கம்பளியையும் கேட்டு வாங்கிப் போட்டான்.

"கரைக்குப் போகச் சொல்லுங்க சாரங்கு."

"ஐஸ் இன்னம் பாதி ஈக்கிது. பாதி அறைய வெறுமையா வெச்சிக்கிட்டுத் துரை திரும்புவாரா? இன்னம் நாலு நாள் பொறுத்துக்க. காய்ச்சல் எண்டா வந்து போறதுதான்."

மறுநாள் முற்பகல். அலை கப்பலின் மூக்கில் ஏறி உள்ளே கொட்டத் தொடங்கியதால் ஏணி மேலிருந்த இரும்பு மூடியைச் சாத்திவிட்டார்கள். வலை பாறையில் மாட்டிக் கிழிந்துவிட, சமையல்காரன் உட்பட எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். அந்தோனி மட்டும் ஒரு நிமிடம் கீழே வந்து பார்த்தான். காற்றுக் குழாய் வழியாகக் கடல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக யாகோப்பின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவன் முழங்காலை மடக்கி, சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தான். பல் கிட்டியிருந்தது.

"மச்சான்... எலும்புக்குள்ள ஐஸ் கெடக்கு மச்சான்."

லயத்தில் ஒருவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்களோ, அதைத்தான் அந்தோனியும் செய்தான். கதவைச் சாத்தி, அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளித் தலைமாட்டில் வைப்பார்கள். அவனுக்கு அப்படி வைத்திருக்கிறார்கள். றோசாலிக்கு அவன் வைத்திருக்கிறான். வைத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. அடுத்த காம்பராவில் இருமினால் இந்தக் காம்பராவில் கேட்கும். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இரவெல்லாம் காற்று வந்து போகும். அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று யோசிக்க அங்கே யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

ஆளில்லாத சமையல் அடுப்பிலிருந்து, புகை அடங்கிச் சிவந்திருந்த நிலக்கரித் தணலை ஒரு பிஸ்கட் தகரத்தில் அள்ளினான். அலை இறங்கிய நேரம் பார்த்து மூடியைத் தூக்கி, இறங்கி, பலகையோரம் வைத்தான். தண்ணீர் சொட்டாமலிருக்கக் குழாய் வாயில் சாக்கைத் திணித்தான்.

யாகோப்பு கையை நீட்டித் தணலில் காட்டினான். "நல்லா இருக்கு மச்சான். நம்ம காம்பரா மாதிரியே இருக்கு."

"படு. வலைய முடிச்சிட்டு வாரேன்."

மேலே போய் மூடியைச் சாத்தினான். தண்ணீர் இறங்கக்கூடாதென்று இறுகவே சாத்தினான்.

வலையை ஏற்றி, கிடைத்த மீனை அடுக்கி முடிய மதியம் தாண்டிவிட்டது. கீழே இறங்கியபோது யாகோப்பு அசையாமல் கிடந்தான். நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் நல்ல சிவப்பு ஏறி, உதடு கூடச் சிவந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, தூங்குகிறான் என்று நினைத்தான் அந்தோனி. மனசு லேசாயிற்று. கம்பளியை இழுத்துத் தோளை மூடினான். தலை சுற்றியது. பசி என்று நினைத்து ஏணிப்படியில் உட்கார்ந்தான்.

பின்னால் இறங்கிய அஸீஸ் பாதி ஏணியிலேயே நின்றார். தகரத்தைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். பாய்ந்து வந்து அந்தோனியின் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துத் தட்டில் தள்ளினார்.

"கரி நெருப்ப வெச்சி மூடிட்டுப் போனியா? மூடிட்டா போன? கரிக் காத்து ஆளக் கொல்லுமே!"

"குளுருதுன்னான்..." என்றான் அந்தோனி.

அஸீஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்கி, யாகோப்பைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். மழையில் கிடத்தி, நெஞ்சை அழுத்தினார்கள். கையைத் தூக்கி இறக்கினார்கள். உடம்பில் சூடு இருந்தது. அது தணலின் சூடு.

அந்தோனி கப்பல் துரையின் காலைப் பிடித்தான். ஐஸ் இருக்கிறது. ஒரு மூலையில், மீன் படாமல், தானே வைத்துப் பார்த்துக்கொள்வேன். ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அஸீஸ் அதைத் துரையிடம் எடுத்துச் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றினார், ஆனால் தலையை ஆட்டிவிட்டார். ஊர் சாப்பிடுகிற மீனோடு பிணத்தை வைக்க முடியாது. கப்பலில் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவும் இல்லை. பாய்த்துணியில் சுற்றித் தைத்து, கால்மாட்டில் கொதிகலன் இரும்புச் சட்டங்களை வைத்தார்கள். அந்தோனி தமிழில் செபம் சொன்னான். நீர்கொழும்பு ஆட்கள் சிங்களத்தில் சொன்னார்கள். அஸீஸ் ஓரமாக நின்று கைகளை ஏந்தினார். பலகையைச் சாய்த்ததும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

சுருளி மறுபடி அலறியது. அந்தோனி ஐஸ் அறைக்குள் இறங்கினான். மீதி நாட்களுக்கு அங்கே ஒரே ஆள்.

கரை தெரிந்தபோது அஸீஸ் பக்கத்தில் வந்து நின்றார். "துரை காய்ச்சல் எண்டுதான் செல்லியீக்காரு. நீயும் வீட்டில அதைச் செல்லு. காய்ச்சல் இல்லாம இல்லையே."

பசறையில் இப்றாஹீம் நானா அவன் தனியாக வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கடையை விட்டு இறங்கி வந்தார். "தம்பி, மற்றவர்?" என்றார். அந்தோனி நிற்காமல் நடந்தான்.

மலை ஏறும் வழியெல்லாம் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு போனான். கிடைக்கவில்லை. றோசாலி பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் இருந்த பாதையைப் பார்த்தாள். பாதை வளைவில் வேறு யாரும் வராததால் மறுபடி அவனைப் பார்த்தாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"காச்ச," என்றான் அவன்.

அவள் கத்தியதில் லயமே கூடிவிட்டது. பெண்கள் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அழுது ஓய்ந்து, மறுபடி அழுது, அந்தி சாயும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கேள்விகள் வரத் தொடங்கின. எங்கே புதைத்தீர்கள்? தண்ணீரிலா? சாமியார் வந்தாரா? கடைசியில் என்ன பேசினான்? அவன் ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னான்.

"குளுருல நடுங்கினானா?"

"நடுங்கினான்."

"யாருமில்லாத எடத்துல எம்புள்ள நடுங்கிக் கெடந்தானே..." அவள் அவன் கையைப் பிடித்தாள். "தணலாவது வெச்சீங்களா? சொல்லுங்க. வெச்சீங்களா, இல்லையா?"

அந்தோனி வாயைத் திறந்தான். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். றோசாலியின் விரல்கள் அவன் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தன.

"வெச்சேன்," என்றான்.

"வெச்சீங்களா?"

"தலமாட்டுல வெச்சேன். நம்ம காம்பரா மாதிரி இருக்குன்னான்."

அவள் அவன் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அது போதுங்க எனக்கு," என்றாள். "அது போதும்." வாசலில் நின்ற ஒருத்தி, "கூடப் பொறந்தவன்கூட இப்பிடிப் பாக்கமாட்டான்," என்று அடுத்தவளிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது.

மறுநாள் அவன் பெரட்டுக்குப் போனான். கங்காணி அவனைத் திருப்பி அனுப்பவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களோடு சேர்த்துவிட்டார். பிறகு பல வருஷம் அங்கேதான் வேலை செய்தான். கப்பலுக்கு மட்டும் மறுபடி போகவில்லை. கடலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு அவன் பதில் சொல்வதில்லை. றோசாலி சொல்வாள். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் தங்கள் தங்கள் குழியைத் தேடிப் போக, அவளுக்குப் போக இடம் இல்லாததால் பசறைக் கோயில் வாசலிலேயே மெழுகுவர்த்தி ஏற்றுவாள். யாருக்கு என்று கேட்பவர்களிடம் முதலிலிருந்து தொடங்கி, தணல் வைத்தது வரைக்கும் சொல்வாள். அந்த இடம் வந்ததும் புருஷன் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க," என்பாள்.

"ஆமாங்க. நான்தான் வெச்சேன்," என்பான் அந்தோனி. கேட்கிறவர்கள் அவனைக் கும்பிடுவார்கள்.