தங்கையை உள்ளே விடாத அண்ணன்

2003-ஆம் வருடம். பக்கவாதத்தால் பேச்சிழந்து அப்பா படுக்கையில் இருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள்.

"அவர் எனக்கும் அப்பாங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

சொத்துக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "டி.என்.ஏ. டெஸ்ட்ல நிரூபிச்சுட்டு உள்ள வா" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அப்பாவைக் கேட்டிருந்தால் தலையசைத்துச் சொல்லியிருப்பார். ஆமாம் என்றுவிடுவாரோ என்ற பயத்தில் நான் கேட்கவே இல்லை.

அவள் டெஸ்டுக்குச் சம்மதித்தாள். அப்பாவுக்கும் அவளுக்கும் தனித்தனியாக ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். முடிவு வருவதற்குள் அப்பா போய்விட்டார். சாவுக்கு வந்தவளையும் நான் உள்ளே விடவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் தபால் வந்தது. அவள் அப்பாவின் மகள்தான்.

அன்றே அவள் வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சதுதானே அண்ணா. கடைசியா அவர் முகம் எப்படி இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

நீட்டிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது உறவு என்று யார் வந்தாலும் முதலில் உள்ளே அழைத்து உட்கார வைக்கிறேன். விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு தங்கை என்கிறேன். அதைச் சொல்லும்போது இன்றும் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.