குவாதலூப் சந்தையில் ஒரு கொப்பி

சென்ற மாசி மாதம், மொன்றியல் நடைபாதைகளில் பனியும் உப்பும் சேறாகிக் கிடந்த நாட்களில், எங்கள் தமிழ் முதியோர் சங்கத்திலிருந்து இருபத்துநான்கு பேர் கரீபியன் கடலுக்குக் கப்பற்பயணம் போனோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பெரும்பாலானவர்கள் எங்களைப்போல மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்தவர்கள். ஒரேயொரு தம்பதி மட்டும் தமிழ்நாடு. விமானத்தில் மயாமி போய், அங்கே துறைமுகத்தில் கப்பலைக் கண்டபோது அது கப்பல் என்றே எனக்குப் படவில்லை. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் நிற்கும் அடுக்குமாடிகள் அத்தனையையும் பெயர்த்துக் கொண்டுவந்து தண்ணீரில் வைத்ததுபோல இருந்தது.

"இது மிதக்குமோ?" என்று என் கணவர் கேட்டார். மிதந்தது. ஆனால் உள்ளே போனதும் அவர் இரண்டு முறை தொலைந்துபோனார். அதன் பிறகு எங்கள் அறை இலக்கத்தைப் பேனையால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரிந்தார். பயணத்தை ஒழுங்குசெய்த அண்ணை எல்லோருக்கும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே மாதிரி சட்டை தைப்பித்திருந்தார். நீச்சல் குளத்தடியிலும் சாப்பாட்டு மண்டபத்திலும் ஆயிரக்கணக்கான சனத்துக்குள் எங்கள் ஆட்களை அந்த நிறத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு மேசையும் கதிரையும் கப்பற்காரர்களே குறித்துக் கொடுத்திருந்தார்கள். என் பக்கத்தில் அந்தத் தமிழ்நாட்டு அம்மா. நாற்பது வருடமாக மொன்றியலில் ஆங்கிலப் பல்கலைக்கழகமொன்றில் வேதியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் மரியாதையாகக் கேட்டார்:

"நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

"ஆசுபத்திரியில."

"அப்படியா, எந்த டிபார்ட்மென்ட்?"

"குசினியில. நோயாளியளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிறது."

"ஓ" என்றார். பிறகு சூப்பைக் குடித்தார். அடுத்த இரண்டு நாளும் நாங்கள் உப்பு, காரம் பற்றி மட்டுமே பேசினோம். அவரிடம் திமிர் இருக்கவில்லை. அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

என் பிரெஞ்சைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். மொன்றியல் இருக்கும் கெபெக் மாகாணத்தில் வேலைக்குப் பிரெஞ்சு வேண்டும். நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் மூன்று குளிர்காலம் பிரெஞ்சு படித்தேன். வாசிக்கவும் எழுதவும் கெதியாகப் பிடிபட்டது. வாயைத் திறந்தால்தான் வினை. குசினியிலிருந்து உணவு ஆலோசகருக்கு உதவியாளாக மேலே போக இரண்டு தடவை வாய்மொழிச் சோதனை எடுத்து, இரண்டு தடவையும் தவறினேன். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும் கதைத்தேன். உப்பில்லாதது, சீனி நோய்க்கு உரியது, மென்மையானது, முடிந்தது. கடைக்குப் போனால் என் மகள், "அம்மா, நீங்கள் கதைக்காதேங்கோ, நான் கதைக்கிறன்" என்பாள். அவள் அதை அன்போடுதான் சொன்னாள். நானும் கதைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

நான்காம் நாள் கப்பல் குவாதலூப் என்ற தீவில் நின்றது. அது பிரான்சுக்குச் சொந்தமான தீவு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனார்கள். என் கணவர் மறுத்துவிட்டார்.

"மணலைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? திருகோணமலையில பார்க்காத மணலோ? வாரும், ஊருக்குள்ள போவம்."

கப்பல் வாசலில் அந்தத் தமிழ்நாட்டுப் பேராசிரியை தனியாக நின்றார். அவருடைய கணவருக்கு முழங்கால் வலி, மேல்தளத்தில் புத்தகத்தோடு இருந்துவிட்டார். "நானும் உங்ககூட வரலாமா?" என்று கேட்டார். மூன்று பேரும் இறங்கி நடந்தோம்.

துறைமுகத்திலிருந்து சிறிது தூரத்தில் சந்தை. கூரைக்குக் கீழே பெண்கள் சரக்குத்தூள்களைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். கணவர் ஒரு மட்டையைக் காட்டினார்.

"இஞ்ச பாரும், கொழும்பு எண்டு எழுதியிருக்கு."

உண்மைதான். ஒரு மஞ்சள் தூளுக்கு மேல் பிரெஞ்சு எழுத்தில் கொலொம்போ என்று எழுதியிருந்தது. அந்தக் கடைக்காரப் பெண் தலையில் கட்டியிருந்த கட்டம் போட்ட துணியைப் பார்த்துப் பேராசிரியை சிரித்தார். அந்தத் துணிக்கு இங்கே மெட்ராஸ் என்று பெயர் என்று கப்பலில் கொடுத்த தாளில் வாசித்திருந்தாராம்.

"மெட்ராஸும் இருக்கு, கொழும்பும் இருக்கு. பாக்கு நீரிணைதான் குறையுது" என்றார் என் கணவர். பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

நான் ஒரு சிட்டிகை எடுத்து மணந்து பார்த்தேன். மல்லி, கடுகு, வெந்தயம், மஞ்சள். யோசிக்காமலே கேட்டுவிட்டேன், பிரெஞ்சில்: "இதற்குள் மிளகாய் இல்லையா?"

கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் தலையைச் சரித்து என்னைப் பார்த்தார்.

"நீங்கள் கெபெக்கிலிருந்து வருகிறீர்களா?"

"ஓம். எப்படித் தெரியும்?"

"உங்கள் உச்சரிப்பு."

முப்பது வருடம் கெபெக்கில் இருந்து, ஒரு கெபெக்காரர்கூட என் பிரெஞ்சைத் தங்களுடையது என்று சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. அவர் விடவில்லை. "ஆனால் முகம் கெபெக் இல்லையே" என்றார். நாங்கள் தமிழர் என்று சொன்னேன்.

அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த அளவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கடையின் மேலே இருந்த பெயர்ப்பலகையைக் காட்டி, தன் குடும்பப் பெயரை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அது ஊரில் என் பெரியப்பாவின் பெயர். இங்கே எழுத்துகள் கொஞ்சம் திரிந்து, அது ஒரு குடும்பத்துக்கே பெயராகியிருந்தது. தகப்பன் வழியில் மூன்று தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பலில் வந்தவர்களாம். எந்த ஊர் என்று தெரியாது, காரைக்காலில் ஏறினார்கள் என்பது மட்டும் தெரியுமாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, "மாரியம்மா" என்றார்.

பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்துச் சில படங்களைக் காட்டினார். ஒரு பழைய கொப்பியின் பக்கங்கள். அவருடைய தகப்பன் அவர்களது குடும்பக் கோயிலில் பூசாரி. அந்தத் தகப்பன் சிறுவயதில் தன் பாட்டனாரைப் பாடச்சொல்லி, விளங்காமலே, கேட்டதைக் கேட்டபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்தது அது. தகப்பன் செத்தபிறகு இவருடைய தம்பி பூசாரி. ஒவ்வொரு வருடமும் இந்தப் பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

"இதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை" என்றார். "உங்களால் வாசிக்க முடியுமா?"

பேராசிரியையிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நாப்பது வருஷம் மாண்ட்ரியல்ல இருந்தும் நான் பொன்ஷூர், மெர்சி தாண்டல. இந்த எழுத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீங்க படிங்க. நான் கேக்கறேன்."

அப்படித்தான் அந்த வேலை நடந்தது. நான் பிரெஞ்சுக்காரர் உச்சரிக்கிற மாதிரி எழுத்தெழுத்தாக வாசித்தேன், பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முக்கால்வாசி ஒன்றும் விளங்கவில்லை. தாயே, மாரியம்மா, காப்பாத்து, வேப்பிலை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்கள் தலை காட்டின. கடைக்காரப் பெண் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தத்தைக் கேட்டு ஒரு தாள் பையின் பின்புறத்தில் எழுதினார். வாங்க வந்த இரண்டு பேரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாவது பக்கத்தில் ஓரிடத்தில் அவரே என்னை நிறுத்தினார். "இந்த வரி எங்களுக்குத் தெரியும். இது முக்கியமான வரி. இந்த இடத்தில்தான் சேவலைக் கொண்டுவந்து வெட்டுவோம்."

பிரெஞ்சில் கோழிக்குப் புலே என்பார்கள். அந்த வரி ஏறக்குறைய அந்தச் சொல்லோடுதான் தொடங்கியது. நான் வாசித்தேன். "எ புல்லே, வெளக்கெ தல்லி வெ, காத்தடிக்குது. தன்னி கொண்டா."

பேராசிரியை கண்ணைத் திறந்தார். "இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"ஏ புள்ள, வெளக்கத் தள்ளி வை, காத்தடிக்குது. தண்ணி கொண்டா" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "எங்க அப்பா கடலூர் பக்கம். அங்கெல்லாம் பொண்டாட்டியை இப்படித்தான் கூப்பிடுவாங்க. பேர் சொல்ல மாட்டாங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கிழவர் பாடிக்கொண்டிருக்கும்போது காற்று அடித்திருக்கிறது. விளக்கு அணையப் பார்த்திருக்கிறது. தொண்டை வறண்டிருக்கும். நடுவில் நிறுத்தி, பக்கத்தில் நின்ற மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்குப் பாட்டு எது, பேச்சு எது என்று தெரியாது. எல்லாம் கொப்பியில் ஏறிவிட்டது.

"இஞ்சேரும், சொல்லாதேயும்" என்றார் என் கணவர் தாழ்ந்த குரலில். "சாமி காரியம். மந்திரம் எண்டு சொல்லிப்போட்டு வாரும்."

"அவங்க கேட்டாங்களே" என்றார் பேராசிரியை. "கேட்டவங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது." ஆனால் அவராலும் என்னை வற்புறுத்த முடியவில்லை. பிரெஞ்சில் சொல்ல வேண்டியவள் நான்.

கடைக்காரப் பெண் பேனையோடு காத்துக்கொண்டு நின்றார். எங்கள் முகத்தில் ஏதோ மாறியிருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. "கெட்ட சொல்லா?" என்று கேட்டார்.

"இல்லை. கெட்ட சொல் இல்லை."

எனக்கு வாய்மொழிச் சோதனை அறையில் இருந்ததுபோல இருந்தது. இருந்த சொற்களை வைத்துச் சொன்னேன். "இது பாட்டு இல்லை. கணவர் மனைவியோடு கதைக்கிறார். விளக்கைத் தள்ளி வை, காற்று இருக்கிறது, தண்ணீர் கொண்டு வா என்கிறார். புள்ள என்றால் கோழி இல்லை. அது அவர் அவளைக் கூப்பிடுவது."

அவர் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்துக் கடையில் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் கணவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. பிறகு கடைக்காரப் பெண் கேட்டார்:

"அவள் பெயரைச் சொல்கிறாரா?"

"இல்லை. எங்கள் ஆட்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்."

"அவருடைய பெயர் எங்களிடம் இருக்கிறது. கப்பல் பதிவிலும் இருக்கிறது. அவளைப் பற்றி ஒன்றுமே இல்லை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்றுகூட யாரும் பேசியதில்லை." அவர் தொலைபேசியை வாங்கி அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்படியென்றால் இதுதான் அவள்."

பேராசிரியைக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மேசையைச் சுற்றிப்போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்தது. திடீரென்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"கோழிகள்" என்றார். "கடவுளே, இத்தனை வருடமாக எத்தனை கோழிகள்."

நாங்களும் சிரித்தோம். என் கணவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஐந்து மணிக்கு முன் கப்பலில் ஏறவேண்டும். புறப்படும்போது அவர் எங்கள் மூவருக்கும் கொலொம்போத் தூள் கட்டித்தந்தார். என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் அங்கேயே நின்று அனுப்பினார். தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். அவர் கோபக்காரராம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பேராசிரியை மற்றவர்களுக்கு முழுக் கதையையும் சொன்னார். "இவங்க மட்டும் இல்லேன்னா நான் அங்க ஊமை" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆசுபத்திரிக் குசினியில் நானூறு தட்டும் மாறாமல் எப்படிப் போகும் என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். இனிப்பு வந்து, உருகி, எடுத்துக்கொண்டுபோகும் வரை சொன்னேன். அவர் வேதியியல்காரர் அல்லவா, இடையிடையே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

மொன்றியலுக்குத் திரும்பிச் சில வாரங்கள் குவாதலூப்பிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்குத் திரும்பவும் யோசனை வந்தது. பிறகு ஒரு குரல்செய்தி வந்தது. தம்பி முதலில் நம்பவில்லையாம், பிறகு கோபித்தாராம், தகப்பன் செய்ததில் ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். பூசை வழக்கம்போலவே நடந்ததாம். அதன் பின்னால் ஒரு காணொளி.

அதில் பறை அடிக்கிறார்கள், தம்பி பாடுகிறார். அந்த வரி வருகிறது. சேவலைக் கொண்டுவருகிறார்கள். கோழி தப்பவில்லை. அப்போது படத்தின் ஓரத்தில் மெட்ராஸ் துணி கட்டிய அந்தப் பெண் குனிந்து, விளக்கை ஒரு சாண் தள்ளிவைத்து, தம்பியின் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரை வைக்கிறார். தம்பி பார்க்காததுபோல நிற்கிறார். பாட்டு முடிந்ததும் குடிக்கிறார்.

பேராசிரியை இப்போது சனிக்கிழமைகளில் மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேரிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி எங்கள் வீட்டுக்கு வருகிறார். கார் இருக்கிறது, ஆனால் நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் வண்டி நிறுத்த இடம் தேடுவது தன்னால் முடியாது என்கிறார். குசினி மேசையில் நான் வாசிக்க, அவர் கேட்டு எழுதுகிறார். ஆறாம் பக்கம் வரை வந்திருக்கிறோம். போன கிழமை ஒரு சொல்லுக்கு இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டினோம். நான் அது நிலா என்கிறேன், அவர் நெல்லு என்கிறார். என் கணவர் இரண்டும் இல்லை, அது கிழவரின் இருமல் என்கிறார்.