சத்தமாக வெடிக்கிற கொட்டை

“உன் காதை நீயே வச்சுக்கோ அண்ணி! என் வாணலிக்குக் காவல் நிக்கச் சொல்லி யார் உன்னைக் கூப்பிட்டா?”

கருகிப்போன காபிக் கொட்டையைக் குப்பைக் கூடையில் கொட்டிக்கொண்டே என் நாத்தனார் கத்தினாள். அவளுக்குக் கத்தித்தான் பேசத் தெரியும். நூல் ஆலையில் முப்பது வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எங்கள் கட்டடத்தில் அவளுக்குப் பெயரே ‘ஆலைச் சங்கு’தான்.

“நிக்க எனக்கென்ன ஆசையா? முட்டி விண்டுபோகுது. வெடிக்குது, வெடிக்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல.”

“நீ சொன்னது கேக்கல.”

“அதைத்தானடி நானும் சொல்றேன்.”

அவளுக்குக் கல்யாணம் காட்சி கிடையாது. ஆலையை மூடியதும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் புருஷன் போன பிறகும் இருக்கிறாள். வீடு என் மகன் சம்பாத்தியத்தில் ஓடுகிறது. அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அண்ணன் மகன் கையில் சும்மா உட்கார்ந்து தின்ன இவளுக்கு மனசு வராது. பச்சைக் கொட்டை வாங்கி வறுத்து, கீழே தையல்காரருக்கும் மருந்துக்கடைக்கும் நாலைந்து வீட்டுக்கும் கொடுப்பாள். அதில் வருகிற காசில் வீட்டுக்கு எண்ணெயாவது வாங்கிப் போட்டால்தான் தட்டில் கை வைப்பாள்.

அந்தப் பிழைப்புதான் இப்போது ஆட்டம் கண்டது. ஆலைப் பஞ்சு அவள் மூக்கை எப்போதோ அடைத்துவிட்டது, வாசனை தெரியாது. காதை நம்பித்தான் வறுத்தாள். சூடேறினால் கொட்டை படபடவென்று வெடிக்கும். அதிலிருந்து கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட வேண்டும். அந்தச் சத்தமும் நழுவிவிட்டது. தையல்காரர் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார்: “அக்கா, போன தடவை குடுத்தது கரி. இன்னொரு தடவை இப்படின்னா நான் கடையில வாங்கிக்கிறேன்.”

“நிறத்தைப் பாத்து இறக்கேன்,” என்றேன்.

“என் கண்ணுக்கு நிறம் தெரியறதுக்குள்ள கொட்டை செத்துடும்.”

“அப்ப காதுக்கு மெஷின் மாட்டு.”

“செவிட்டுக் கிழவி வறுத்ததை எவ வாங்குவா?”

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, கொட்டை வியாபாரியின் கிடங்குக்குப் போனாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“எது நல்லா சத்தமா வெடிக்கும்?” என்று கேட்டாள்.

“ஏம்மா, காபி வாங்க வந்தீங்களா, பட்டாசு வாங்க வந்தீங்களா?”

அவள் சிரிக்கவில்லை. காதில் விழவில்லையோ என்னவோ. அதையே திரும்பக் கேட்டாள். வியாபாரி உள்ளே போய் ஒரு கை கொட்டை அள்ளி வந்தார். பொடிசு, கூழாங்கல் மாதிரி கெட்டி.

“மலை உச்சியில, குளிருல நிதானமா முத்தினது. உள்ள இறுகிக் கெடக்கும். தீ நல்லா கேக்கும். ஆனா வெடிச்சா பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாப்பான். பிரிச்சுத் தர மாட்டேன், மூட்டையாத்தான்.”

விலையைச் சொன்னார். நான் எழுந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

அடுத்த வாரம் அந்த மூட்டை எங்கள் மாடிப்படி ஏறி வந்தது. பின்னாலேயே இவள், வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு.

“எவன்டி குடுத்தான் காசு?”

“மொதல்ல வறுக்கிறேன். நீ கூடத்துக்குப் போ. வாயைத் தொறந்தியோ, அவ்வளவுதான்.”

போய்க் கட்டிலில் சாய்ந்தேன். வாணலியில் கரண்டி சுரண்டிக்கொண்டே இருந்தது. பிறகு சுள்ளியை ஒடித்தாற்போல் ஒன்று வெடித்தது. அப்புறம் சரமாரியாக. சுவருக்கு இந்தப் பக்கமே கேட்டது. வாய் வரைக்கும் வந்ததை, முந்தானையைக் கடித்து அடக்கினேன். கரண்டி நிற்கவில்லை. இதுவும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடுப்புத் திருகு ‘டக்’கென்றது.

முறத்தோடு வந்து நின்றாள். ஒரு கொட்டைகூடக் கருகவில்லை.

“கேட்டுச்சு அண்ணி,” என்றாள். கத்தவில்லை.

துண்டை அவிழ்த்து வேர்வையைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன்.

“கம்மல் எங்கடி?”

“மூட்டையைப் பிரிக்க மாட்டேன்னாரே.”

இந்த மூட்டை தீர்ந்தால் என்ன செய்வாள்? ஆலையில் சேர்ந்த புதிதில் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து எடுத்துப் போட்ட கம்மல் அது. ஒரு மூட்டை மலைக் கொட்டைக்கு விலை, அந்த ஒரு ஜோடிக் கம்மல்.