பூட்டிய தறி

சங்கரன்கோவிலில் மின்கணக்கெடுக்கப் போன வீடு. ஒற்றை விசைத்தறி நின்ற கூடத்தில் ஒல்லியான ஒருவர் தனியாக இருந்தார். தறிச்சத்தத்தில் பழகிய உரத்த குரல். மோட்டாரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, தறியின் சக்கரத்தைத் தூணோடு சங்கிலியால் பூட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் பூட்டை இழுத்துப் பார்த்தார். திருட்டுப் பயம் போலும் என்று நினைத்தேன்.

“இது ஓடுன வேகத்துல எவன் தறியும் ஓடாது சார். நானே மாத்திக் கட்டுனேன். தம்பிய ஓட்டச் சொன்னேன். தறி அவன் கையைத் துண்டா எடுத்துட்டுது.”

“மோட்டாரைத்தான் கழத்திட்டீங்களே, பிறகு சங்கிலி எதுக்கு அண்ணாச்சி?”

“மாட்டுததுக்கு எம்புட்டு நேரமாகும்? இன்னொரு மட்டம் ஓட்டிப் பாருன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. அதான் சாவியத் தம்பிகிட்டயே குடுத்துட்டேன்.”

சொல்லிக்கொண்டே பூட்டை இன்னும் பலமாக இழுத்தார்.

இப்போதும் அந்த வீட்டு மீட்டரைப் பயந்துகொண்டேதான் பார்க்கிறேன், யூனிட் திடீரென ஏறியிருக்கக் கூடாதே என்று.