வீரய்யா அண்ணனின் ஒல்லி டயர்கள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பெர்மாஸ் ஜெயா பெட்ரோல் நிலையத்தில் குனிந்து உட்கார்ந்து என் வண்டிக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் சூடேறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாக என் உயிரை எடுத்தவர் வீரய்யா அண்ணன். மறுநாள், காடுமேடு ஓட்டும் நம் ஃபோர் வீல் குழு கோத்தா திங்கிப் பக்கம் போவதாக ஏற்பாடு. மூன்று டயர் முடித்து நாலாவதுக்கு நகர்ந்தபோது அவருடைய மகள் கவிதா கூப்பிட்டாள். "அத்தே, அப்பா எழுந்திரிக்கல" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. காற்றுக் குழாயை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன். நாலாவது டயருக்கு அன்று காற்று பார்க்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் அதற்கும் ஏசியிருப்பார்.

வீட்டில் அழுகையோடு அழுகையாக ஒரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. அண்ணனின் மனைவி சரோஜா அக்கா, தான் பிறந்த, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தின் இடுகாட்டில், கோத்தா திங்கியைத் தாண்டி, படுத்திருக்கிறார். "என்னையும் அங்கதான் வெக்கணும், பக்கத்துல எடம் விட்டு வெச்சிருக்கேன்" என்று அண்ணன் நம் எல்லோரிடமும் சொன்னதுதான். ஆனால் மூன்று நாளாக மழை. தார் ரோடு முடிந்தபின் இடுகாட்டுக்கு இரண்டு கட்டை தூரம், மூன்று கிலோமீட்டருக்குமேல், முழுவதும் செம்மண். பிரேத வேன்காரர் தார் ரோட்டோடு சரி என்றுவிட்டார். அடக்கம் செய்ய வேண்டிய ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து டிராக்டர் ஆள் ஊரில் இல்லை. அண்ணனின் தம்பி, "இங்கயே எரிச்சிடலாம்மா, சாம்பல கொண்டுபோய் அண்ணி பக்கத்துல வெச்சுக்கலாம்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, பாவம். கவிதா மட்டும் என் முகத்தையே பார்த்தாள். "அப்பா வண்டி போகும் அத்தே. நீங்க ஓட்டுங்க. உங்கள மட்டுந்தான் அவரு ஓட்ட விட்டாரு."

அந்த வண்டியை, குறிப்பாக அதன் டயர்களை, நம் குழுவில் என்னைவிட அதிகமாகக் கேலி செய்தவர் யாரும் இல்லை.

நாங்கள் முதலில் சந்தித்தது தேத்தண்ணிக் கடை வாசலில். அப்போதுதான் என் வண்டிக்குப் பன்னிரண்டரை அங்குல அகல டயர் போட்டிருந்தேன். மட்கார்டைத் தாண்டி வெளியே பிதுங்கி நிற்கும். எனக்கு ஒரே பெருமை. அண்ணன் பெண் பார்க்க வந்தவர்போல அதை நிதானமாக ஒரு சுற்று சுற்றி வந்தார். "அழகா இருக்கும்மா. கல்யாண வீட்டுக்குப் போகவா?" என்றார். நானும் சும்மா விடுகிற ஆளில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய பழைய ஜீப்பைப் பார்த்து, "உங்க டயர எந்த சைக்கிள்லருந்து கழட்டுனீங்க அண்ணே?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. அவர் மட்டும் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய உபதேசம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். "செம்மண்ணுல மேல இருக்கறது வெறும் கஞ்சி. அடியில கெட்டித் தர இருக்கு. ஒல்லி டயரு கஞ்சிய வெட்டிக்கிட்டு எறங்கித் தரையப் புடிக்கும். அகல டயரு கஞ்சி மேலயே படுத்துக்கும்." டயர் மாற்றப் போகிற யாரையும் இதைக் கேட்காமல் அவர் போகவிட்டதில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் மாற்றினார்கள். நான் மாற்றவில்லை. அவர் சொல்லி நான் கேட்பதா என்ற வீம்புதான், வேறொன்றுமில்லை.

அந்த வீம்புக்கு ஒரு வெள்ளத்தின்போது சரியான அடி கிடைத்தது. தோட்டத்து வீடுகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அரிசி, குழந்தைகளுக்குப் பால் மாவு, ஒரு பெரியவருக்கு இன்சுலின் ஊசி எல்லாம் ஏற்றிக்கொண்டு இரண்டு வண்டியில் போனோம். இன்சுலின் என் வண்டியில் இருந்தது. ஒரு சின்ன இறக்கம்தான். என் வண்டி சோப்பு மேல் வைத்த தட்டுபோல வழுக்கி, பக்கவாட்டில் போய்க் கால்வாயில் சாய்ந்தது. அண்ணன் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. கயிறு கட்டி என்னை வெளியே இழுத்தார், இன்சுலினைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார், என்னையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்து கொடுத்தும்விட்டோம். அவர் ஏசாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும்போது பாலத்தின் மேல் தண்ணீர். வடியும்வரை அவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். "ஏண்ணே ஏசல?" என்று நானே கேட்டேன்.

"ஒனக்கு ஒன்னு சொல்றேன், வெளிய சொல்லாத. இந்த டயர நான் பாத்துப் பாத்து வாங்கல. இருவது வருஷம் செம்பனைப் பழக்குல ஏத்தற லோரி ஓட்டுனவன் நானு. ஜீப்புக்கு டயரு வாங்கப் போனேன். கடை மொதலாளி தவுக்கே என்ன சைஸ்னு கேட்டாரு. வாயில தானா வந்திருச்சு, செவன் ஃபிப்டி சிக்ஸ்டீன். லோரி சைஸ்மா அது. ஏழரை அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். அவரும் ஏறுதேன்னு மாட்டிட்டாரு. எறங்கி நின்னு பாக்கறேன், அலமாக், ஐயையோ, வண்டி சைக்கிள் மாதிரி நிக்குது."

"திருப்பிக் குடுத்திருக்கலாம்ல?"

"பத்து பேரு நின்னு பாக்கறாங்க. என்னப்பா இதுன்னு ஒருத்தன் சிரிச்சான். வேணும்னுதான் கேட்டேன்னு சொல்லிட்டேன். மானம் போயிரும் லா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிஸ்கட் புரையேறியது. அவர் என் தலையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "மழ வந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது அது சரியான டயருன்னு. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிட்டேன். நான் போனப்புறம் வேணும்னா சொல்லிக்க."

இப்போது சொல்லிவிட்டேன். அவர் பேச்சைக் கேட்டு டயர் மாற்றியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். உபதேசம் சரிதான், உபதேசியார்தான் தவறி விழுந்து அதைக் கண்டுபிடித்தார்.

இதைச் சொன்னதால் அவர் வீண் ஜம்பக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை கடற்கரை மணலில் அவர் வண்டி அச்சு வரை புதைந்துவிட்டது. காற்றை இறக்கிப் பார்த்தார், அசையவில்லை. என் கல்யாண வீட்டு டயர்தான் அவரை இழுத்து வெளியே போட்டது. அடுத்த வாரம் எல்லோரிடமும் சொல்லி மானத்தை வாங்கலாம் என்று ஆசையோடு கடைக்குப் போனால், எனக்கு முன்னாலேயே வந்து அவரே சொல்லிக்கொண்டிருந்தார். "மணல்ல செல்வி கட்சிதான் கட்சி. மணலுக்குப் போறவன் அவள கேளு." தோற்றதைச் சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை. தெரியாமல் ஜெயித்ததைச் சொல்லத்தான் வெட்கப்பட்டார். அப்படி ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஞாயிறு பகல் தார் ரோடு முடிகிற இடத்தில் ஜீப்பின் பின் இருக்கைகளைக் கழற்றினோம். வேனிலிருந்து பெட்டியை இறக்கி உள்ளே ஏற்றிக் கதவைக் கயிற்றால் கட்டினோம். கவிதா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நம் ஆட்களில் ஒருவர் வழி பார்க்கிறேன் என்று தன் அகல டயர் வண்டியை முன்னால் விட்டு, முதல் வளைவிலேயே குறுக்காக நின்றுகொண்டார். யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள்.

கடைசி ஏற்றத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். மேலே போனால் இடுகாடு. வழுக்கினால் கால்வாய், பெட்டியோடு. நான் கியரைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைக் கவிதா பார்த்தாள். "திரும்பிடலாமா அத்தே?" என்றாள். அந்தக் குரலில் திரும்ப வேண்டாம் என்றுதான் இருந்தது. லோ கியர் போட்டேன். அண்ணன் என்னை ஓட்டவிட்ட அன்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பயந்தாலும் ஆக்ஸிலேட்டர போட்டு மிதிக்காத. அது எறங்கும். எறங்கட்டும்."

இறங்கியது. முன் சக்கரம் சேற்றில் அமுங்கியது. கவிதா என் கையை இறுகப் பிடித்தாள். மிதிக்கவில்லை. வண்டி நின்றேவிட்டது என்று நினைத்தேன். பிறகு அடியில் ஏதோ கெட்டியாக அகப்பட்டது ஸ்டீயரிங்கில் தெரிந்தது. மெதுவாக, சாவகாசமாக, அவர் நடப்பதுபோலவே ஏறியது. எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. கண்ணைத் துடைக்கக் கை எடுக்க முடியாமல் அழுதுகொண்டே ஓட்டினேன். சரோஜா அக்கா பக்கத்தில் அவர் விட்டுவைத்த இடத்திலேயே அவரை வைத்தோம்.

ஜீப்பைக் கவிதா வைத்துக்கொள்கிறாள், கியர் வண்டி ஓட்டப் பழகப்போகிறாளாம். எனக்கு அண்ணனிடமிருந்து தங்கியது எது என்று கேட்டால், ஒரு டயர் சைஸ்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அண்ணன் டயர் வாங்கிய அதே கடைக்குப் போனேன். வீம்பை விட்டுவிட்டேன், என் வண்டிக்குக் குறுகலாக எது பொருந்துமோ அதைக் கேட்கலாம் என்றுதான் போனேன். தவுக்கே பேனாவை எடுத்துக்கொண்டு, "என்ன சைஸ்?" என்றார். என் ரிம் பதினேழு அங்குலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"செவன் ஃபிப்டி சிக்ஸ்டீன்" என்றேன்.

தவுக்கே எழுதவில்லை. "அது வீரய்யா சைஸ்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். "உன் வண்டிக்கு ஏறாது."

கடையில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணும்னுதான் கேட்டேன்" என்றேன்.